கொள்ளுத் தண்ணியும் பித்தப்பைக் கல்லும்

‘அதைச் சாப்பிடாதே, இதைச் சாப்பிடாதே’ என்று விரட்டுவதுதான் டயட்டீஷியன் வேலை என்று திருப்பதியே நினைக்கிறது. ‘கொஞ்சமாவது சாப்பிடுங்கள்’ என்று நாம் கெஞ்சுவது, இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும்.

ஒட்டிய கன்னம்

ராணி சித்தூரில் போண்டா கடை போடுபவர். புருஷன் முனுசாமிக்கு இரண்டு கிட்னியும் போய், எங்கள் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். தன் கிட்னி ஒன்றைக் கொடுக்க ராணி தயார், ஆனால் எடை அதிகம். முதலில் எடையை மெதுவாகக் குறைக்கட்டும் என்று டாக்டர் என்னிடம் அனுப்பினார்.

அடுத்த தடவை வந்தபோது கன்னம் ஒட்டிப்போயிருந்தது. எண்ணெய், நெய் சுத்தமாக இல்லை. பகல் முழுக்கப் பட்டினி, ராத்திரி ஒரு டம்ளர் கொள்ளுத் தண்ணீர். “இப்படித் தடாலென்று இளைத்தால் பித்தப்பையில் கல் வரும்மா. கொஞ்சம் எண்ணெய் சேர்த்து வேளாவேளைக்குச் சாப்பிட்டால்தான் பித்தநீர் தேங்காது” என்றேன். அவர் எடை மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் மெதுவா எளைக்கிற வரைக்கும் அந்த மனுசன் தாங்குவாரா மேடம்?”

சோடா

சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டுப் போனார். தலையாட்டுகிறவர்களிடம்தான் நாம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஒரு நாள் டயாலிசிஸ் முடிந்து வந்த முனுசாமி என் அறை வாசலில் தயங்கி நின்றார். “போண்டா மாவுல உப்பு கீதான்னு மோந்துதான் பாக்குறா மேடம், வாயில வெக்கிறதில்ல. ராவுல வலது பக்க விலாவைப் புடிச்சிக்கினு குந்திக்கினு கீறா. கேட்டா கேஸுன்னு சோடா குடிக்கிறா” என்றார்.

ராணியை உடனே கூப்பிட்டுக் கேட்டேன். வலி உண்மைதான். ஸ்கேன் எடுத்தே ஆகவேண்டும் என்று டாக்டருக்கு எழுதச் சீட்டை எடுத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது.

“வலின்னு எழுதாதீங்க மேடம், அப்பறம் என்னை வேணாம்னுடுவாங்க.”

மஞ்சள் கண்

எழுதினேன். ஸ்கேனுக்கு நிற்காமலே ஊருக்குப் போய்விட்டார். அந்த வாரமே குளிர்க் காய்ச்சலோடு ஆட்டோவில் கொண்டுவந்தார்கள், கண்ணெல்லாம் மஞ்சள். கல் ஒன்று நழுவிப் பித்தக் குழாயை அடைத்திருந்தது. முனுசாமி தன் டயாலிசிஸ் நேரத்தையும் மறந்து வராந்தாவில் நின்றார். இரண்டு பேரையும் இழந்துவிடுவோமோ என்று பயந்து, அவரை டயாலிசிஸுக்கு அனுப்பிவைத்தேன்.

முதலில் குழாயிலிருந்த கல்லை எடுத்தார்கள். காய்ச்சல் இறங்கியபின் பித்தப்பையையும் எடுத்தார்கள். உடம்பு தேறட்டும், கிட்னி விஷயத்தை மறுபடி பரிசோதித்துவிட்டுத்தான் பேச முடியும் என்றார் டாக்டர். ராணி எழுந்து உட்காரப் பார்த்தார்.

“கெட்டதத்தான எடுத்தீங்க சார், அவருக்குக் குடுக்கவேண்டியது அப்பிடியேதான கீது?”

‘மெதுவாக’ என்ற ஒரு வார்த்தையை விற்கத்தான் எனக்குச் சம்பளம். அந்த வீட்டில் அது போணியாகவே இல்லை.