பெயருக்கு ஓர் உறுப்பினர்

பிரதேச சபைக்கு நான் போனது ஆசைப்பட்டு அல்ல. கட்சிக்குப் பெண்கள் போதவில்லை, அதனால் போனேன்.

அலுவிகாரைக்கு இந்தப் பக்கம் மெயின் ரோட்டில் எனக்கு ஒரு தையல் கடை இருக்கிறது. கணவர் இறந்த பிறகு அந்த மெஷின்தான் எனக்கும் மகளுக்கும் சோறு போட்டது. வேட்பு மனு கொடுக்கிற சமயத்தில் கட்சி அமைப்பாளர் கடைக்கு வந்தார். பட்டியலில் சட்டம் சொல்கிற அளவுக்குப் பெண்கள் இல்லாவிட்டால் மொத்தப் பட்டியலையுமே தள்ளிவிடுவார்களாம்.

"அக்கா, பேரு மட்டும் குடுங்க, போதும். கூட்டம், மேடைன்னு ஒரு எடத்துக்கும் நீங்க வரத் தேவையில்ல."

தேர்தல் முடிவு வரும்வரை அவர் சொன்னபடியேதான் நடந்தது. வட்டாரங்களில் கட்சியின் ஆண்கள் வென்றார்கள். பெண்களுக்கு ஒதுக்கிய இடத்துக்குப் பட்டியலிலிருந்து ஒருத்தியை அனுப்பியே ஆகவேண்டும் என்று வந்தது. பட்டியலில் இருந்தவர்களில் ஒருத்தி அதற்குள் குவைத்துக்கு வேலைக்குப் போய்விட்டாள். இன்னொருத்தியை வீட்டில் விடவில்லை. மிஞ்சியது நான்.

சபையில் எல்லாம் சிங்களத்தில் நடக்கும். எனக்குச் சிங்களம் நன்றாகவே வரும். கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் சிங்களவர்கள். ஆனால் கை நீளமும் கழுத்து வெட்டும் பேசுகிற சிங்களம் வேறு, சபையில் பேசுகிற சிங்களம் வேறு. கடைசி வரிசையில் கதவோரம் எனக்கு ஒரு நாற்காலி. யாரும் என்னிடம் மரியாதைக் குறைவாக நடந்ததில்லை. எல்லோருக்கும் தேநீர் வரும்போது எனக்கும் வரும். கையைத் தூக்கச் சொன்னால் தூக்குவேன். கூட்டம் முடிந்ததும் ஆண்கள் சபைத் தலைவரான தவிசாளரின் அறைக்குள் போவார்கள். நான் பஸ்ஸுக்குப் போவேன்.

ஒரு நாள் எங்கள் ஊரின் பெயர் சபைக்கு வந்தது.

எங்கள் ஊர் கொக்கோத்தோட்டம். இப்போது அங்கே தோட்டம் என்று ஒன்றும் இல்லை. கொக்கோ மரங்களை வெட்டி, காணியைப் பிரித்து, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள் இருந்த இடத்தில் தனித்தனி வீடுகள் எழும்பிவிட்டன. வட்டார உறுப்பினர் எழுந்து, ஊர் இவ்வளவு முன்னேறிய பிறகும் பழைய பெயர் எதற்கு, இனி 'சிறிபுர' என்ற சிங்களப் பெயர் இருக்கட்டும் என்றார். எல்லோரும் கை தூக்கினார்கள். தவிசாளர் வழக்கம்போல, "எதிர்ப்பு உண்டா?" என்று கேட்டுவிட்டு அடுத்த தாளை எடுத்தார். நான் எழுந்து நின்றேன்.

என் மாமனாரை நினைத்துத்தான் எழுந்தேன் என்று சொல்ல வேண்டும். குடியுரிமைக்காக அலைந்த ஆட்களில் அவரும் ஒருவர். ஒரு தாளில் ஊருக்கு ஒரு பெயர், இன்னொன்றில் வேறு பெயர் என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களின் கதையைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அவ்வளவையும் சிங்களத்தில் சொல்ல எனக்கு அந்த நேரத்தில் வரவில்லை. "ஊர்ச் சனங்களிடம் கேட்டீர்களா?" என்று மட்டும் கேட்டேன். தவிசாளர் வட்டார உறுப்பினரைப் பார்த்தார். அவர் பார்வையாளர் வரிசையில் இருந்த அமைப்பாளரைப் பார்த்தார். அமைப்பாளர் என்னைப் பார்த்தார்.

அடுத்த நாள் அவர் கடைக்கு வந்தார். உட்காரவில்லை. நின்றபடியே பேசினார்.

"கட்சி கை தூக்குனா நீங்களும் தூக்கணும்க்கா. சனங்க ஓட்டுப் போட்டா நீங்க வந்தீங்க? நாங்க போட்டு வந்தவங்க நீங்க."

"அப்போ அந்த நாற்காலி பொம்பளைக்கு இல்லையா, கட்சிக்கா?"

கொஞ்ச நாளில் என்னைக் கட்சியிலிருந்து நீக்கிவிட்டதாக அறிவித்தார்கள். கட்சி போனால் இடமும் போகும் என்றார்கள்.

ஊர் என் பக்கம் நிற்கும் என்று நம்பியிருந்தேன். முதியவர்கள், "எதுக்கும்மா ஒனக்கு இந்தக் கரைச்சல்?" என்றார்கள். இளைஞர்களோ சந்தோஷமாகப் புதுப் பெயரை ஃபேஸ்புக்கில் போட்டிருந்தார்கள். கொழும்பில் காப்புறுதி நிறுவனத்தில் வேலை செய்யும் என் மகளிடம் போனில் சொன்னேன்.

"அம்மா, அட்ரஸ்ல தோட்டம்னு பாத்ததும் இன்டர்வியூல மொகம் எப்படி மாறும்னு ஒங்களுக்குத் தெரியாது. அந்தப் பேரு போகட்டும்னு சாமி கும்பிட்டவ நான்."

"எங்கிட்ட நீ ஒரு நாளும் சொல்லலியே?"

"சொன்னா ஒங்களுக்கு வலிக்கும்னு சொல்லல."

அதற்குப் பிறகு அவளுடைய அழைப்புகள் குறைந்தன. நான் அழைத்தாலும், சாப்பிட்டாயா, மழையா என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

மாத்தளை டவுனில் இருக்கும் ஒரு முஸ்லிம் பெண் சட்டத்தரணி அபாயா தைக்க என் கடைக்குத்தான் தருவார். அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். "இதுல ரெண்டு வழக்கு ஈக்குது," என்றார். "ஒண்டு ஒங்கட சீட்டு. மத்தது ஊர்ட பேரு. சீட்டு வழக்குல நான் நம்பிக்கை தர மாட்டேன். பேர் வழக்குல, சனங்களக் கேக்கல்ல எண்டு சொல்லிக் கேக்க ஏலும்." இரண்டையுமே போடச் சொன்னேன்.

வழக்கு கண்டியில் நடந்தது. தவணை நாட்களில் கடையைப் பூட்டிவிட்டுக் காலை பஸ்ஸில் தனியாகப் போவேன். சட்டத்தரணிக்கு உள்ளே வேறு வழக்குகள் இருக்கும். நான் வெளியே வாங்கில் உட்கார்ந்திருப்பேன். சுற்றிலும் காணிச் சண்டை, கணவன் மனைவிச் சண்டை என்று குடும்பம் குடும்பமாக நிற்பார்கள். சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்து ஒருவருக்கொருவர் பங்கு வைப்பார்கள். ஒருமுறை பக்கத்தில் இருந்த அம்மா, "ஒங்களுக்கு யாரோட வழக்கு?" என்று கேட்டார். ஊரின் பெயருக்காக என்றேன். அவருக்குப் புரியவில்லை. "ஊர்ல யாரும் கூட வரல்லியா?" என்று மறுபடி கேட்டார். வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்று சொல்லிவைத்தேன்.

முதலில் முடிந்தது சீட்டு வழக்கு. கட்சிக் கட்டுப்பாடு கட்சியின் விஷயம், நீக்கியது நீக்கியதுதான் என்று தீர்ப்பு வந்தது. அந்த வாரமே, பட்டியலில் இருந்தும் முன்பு வீட்டில் விடாத அந்த இளம் தாய், பக்கத்துத் தோட்டத்திலிருந்து இடுப்பில் பிள்ளையோடு கடைக்கு வந்தாள். வெள்ளை ரவிக்கைத் துணி கொண்டுவந்திருந்தாள்.

"அக்கா, ஒங்க எடத்துக்கு என்னத்தான் போட்டிருக்காங்க. சத்தியப்பிரமாணத்துக்கு உடுத்த இது. வேற டெய்லர்கிட்ட போவலாம்னு பாத்தேன். மனசு கேக்கல."

அளவு நாடாவை எடுக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அளவெடுக்கும்போது அவள் கேட்டாள்.

"அங்க என்னாக்கா பேசணும்?"

"கூட்டம் முடிஞ்சதும் ஆம்பளைங்க எல்லாம் தவிசாளர் ரூமுக்குப் போவாங்க. நீயும் போ. நான் ஒரு நாளும் போகல."

அவள் தலையாட்டினாள். ரவிக்கையை நன்றாகத்தான் தைத்துக் கொடுத்தேன்.

பெயர் வழக்கில் நாங்கள் வென்றோம். ஊர் மக்களைக் கேட்காமல் எடுத்த தீர்மானம் செல்லாது, கூட்டம் கூட்டிக் கேட்டு மறுபடி முடிவெடுங்கள் என்று உத்தரவு வந்தது. சட்டத்தரணி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பஸ்ஸில் வரும்போது மகளுக்குச் சொன்னேன். "கூட்டத்துக்கு வாறேன்," என்று மட்டும் சொன்னாள்.

ஊர்ப் பொதுமண்டபமான பிரஜாசாலையில் கூட்டம் நடந்தது. பிரதேச செயலகத்திலிருந்து அதிகாரி வந்திருந்தார். வழக்குக்கு ஒருவர்கூட வராத ஊரில் அன்று நிற்க இடமில்லை. மகள் என் பக்கத்தில் வந்து தோள் உரச உட்கார்ந்தாள். பழைய பெயருக்குக் கை தூக்கச் சொன்னபோது நானும், சில வயதானவர்களும் தூக்கினோம். புதுப் பெயருக்குச் சொன்னபோது கூடம் முழுக்கக் கைகள் எழுந்தன. என் தோளை உரசிக்கொண்டே மகளின் கையும் மேலே போனது.

வீட்டுக்கு வந்து இருவரும் சாப்பிட உட்கார்ந்தோம். அவள் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தாள்.

"கோவமாம்மா?"

"கோவமில்ல. ஒன்கிட்ட கேட்டாங்க, நீ சொன்ன. கேக்கணும்னுதானே நான் வழக்குப் போட்டேன்."

சொன்னது உண்மைதான். ஆனால் அதைச் சொல்லிவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தேன். அவள் எழுந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

விடிந்ததும் அவளைக் கொழும்பு பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். பஸ் கிளம்பும்வரை ஜன்னல் வழியாக என் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தம்புள்ளைப் பக்கமிருந்து மரக்கறி லொறிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அவை போகும்வரை காத்திருந்து ரோட்டைக் கடந்து கடையைத் திறந்தேன். ஊர்க்காரர் ஒருவர் காற்சட்டை நீளத்தைக் குறைக்கக் கொண்டுவந்து தந்தார். எப்போது கிடைக்கும் என்று கேட்டார். பின்னேரம் வரச் சொன்னேன். கூட்டத்தைப் பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை. நான் காற்சட்டையின் பழைய தையலைப் பிரிக்கத் தொடங்கினேன்.