கெர்கினாவுக்குத் தண்ணீர்

கெர்கினா பெரியம்மாவுக்குத் தொண்ணூறு முடிந்த அன்று ஒரே வாசலில் இரண்டு விசேஷம் நடந்தது. பேத்தி லவினியா இத்தாலியிலிருந்து வந்து பிறந்தநாள் விழா எடுத்தாள். பெரியம்மாவோ எதிர்வீட்டு வெத்தாவான என்னைக் கூட்டு சேர்த்துக்கொண்டு, அதே நாளில் தன்னுடைய கருமாதியை வைத்துக்கொண்டாள்.

எங்கள் ஒல்தேனியாப் பக்கத்துக் கிராமங்களில் இது ஒன்றும் அதிசயம் இல்லை. செத்த பிறகு செய்வதற்கு ஆள் இருக்குமா என்று சந்தேகம் வந்தவர்கள், உயிரோடு இருக்கும்போதே விருந்து போட்டு, போர்வை, தட்டு, நாற்காலி என்று எல்லாவற்றையும் தானம் கொடுத்துவிடுவார்கள். இங்கே கொடுத்தது அங்கே கிடைக்கும். என் மாமியார் இப்படித் தடபுடலாக ஒரு கருமாதியை நடத்திவிட்டு, அதற்குப் பிறகும் நெடுநாள் இருந்து என் உயிரை வாங்கினாள்.

விருந்தும் தானமும் யார் வேண்டுமானாலும் செய்யலாம். சிக்கல் தண்ணீரில்தான். போகிறவருக்கு அங்கே தாகம் எடுக்கக் கூடாது என்றால், இன்னும் பெரியவளாகாத ஒரு பெண் குழந்தை அவருக்காகக் கிணற்றிலிருந்து தண்ணீர் சுமந்து வீடு வீடாகக் கொடுக்க வேண்டும். வீட்டுக்காரர்கள் அதைக் குடிக்க வேண்டும். கடைசியில் ஓடைக்குப் போய், இன்னாருக்காகச் சுமந்தேன் என்று ஓடையையும் சூரியனையும் சாட்சி வைத்து அந்தக் குழந்தை பெயரைச் சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு சுமை, ஒரு சுமைக்கு ஒரு பெயர்தான். பங்கு போட முடியாது.

எங்கள் ஊரில் பெண் குழந்தையே கிடையாது. பள்ளிக்கூடத்தில் இப்போது யாரோ வைக்கோல் அடுக்கி வைத்திருக்கிறார்கள். கடைசியாக இங்கே பிறந்த பெண் ஸ்பெயினில் தக்காளி பறிக்கிறாள். செத்தவர்கள் தாகத்தோடுதான் போகிறார்கள், அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

பெரியம்மாவின் சிறுவயதில் அந்தக் குறை இல்லை. அப்போது ஊரில் யார் செத்தாலும் முதலில் பாதிரியாரைக் கூப்பிட்டார்கள், அடுத்தபடியாக இவளைக் கூப்பிட்டார்கள். தளும்பாமல் சுமப்பாள் என்று பெயர் வாங்கியிருந்தாள். ஒவ்வொரு தடவையும் ஒரு கிண்ணமும் ஒரு தலைக்குட்டையும் கொடுப்பார்கள். கல்யாணத்துக்கு வேண்டிய பாத்திரத்தில் பாதியைச் செத்தவர்களே வாங்கிக் கொடுத்துவிட்டார்கள் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவனைக் கட்டிக்கொண்டாள். அவன் இருமி இருமியே போய்ச் சேர்ந்தான். மிஞ்சியது வியோரிகா என்ற ஒரே மகள்.

வியோரிகா புருஷனைப் பிரிந்த கையோடு இத்தாலிக்குப் போனாள். அங்கே கிழவிகளைக் குளிப்பாட்டிச் சோறூட்டுகிற வேலை. பெற்ற தாயை இங்கே விட்டுவிட்டு யாரோ பெற்ற தாய்களுக்கு முதுகு தேய்த்தாள் என்று நான் பலமுறை பொருமியிருக்கிறேன். பெரியம்மா ஒரு நாளும் பொருமவில்லை. வியோரிகா விட்டுப்போன சின்னப் பெண் லவினியாவை அவள்தான் வளர்த்தாள். கொஞ்சி வளர்த்தாள் என்று சொன்னால் பொய். பால் கறக்கும்போது பக்கத்தில் நிற்க வைத்து வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்வாள், தப்பினால் ஈரக் கையால் ஒன்று வைப்பாள். அந்தப் பசுவுக்கும் பெருக்கல் தெரிந்திருக்கும். ஆனால் அந்தப் பெண் சாப்பிடாமல் அவள் ஒரு வேளையும் சாப்பிட்டதில்லை. லவினியாவும் வளர்ந்து தாயின் பின்னால் இத்தாலிக்கே போனாள்.

வியோரிகா அங்கேயே நோயில் விழுந்து செத்தாள், அங்கேயே புதைத்தார்கள். போனில் செய்தி வந்தபோது நான் பெரியம்மாவின் பக்கத்தில் இருந்தேன். அவள் அழுவதற்கு முன்னால் கேட்டது ஒன்றுதான், தண்ணீர் யார் சுமந்தார்கள் என்று. நம் பக்கத்துக் குடும்பங்கள் இங்கேயும் இருக்கின்றன, அதில் ஒரு சிறுமி சுமந்தாள் என்றாள் லவினியா. தூக்கத்திலேயே போய்விட்டாள், கஷ்டப்படவில்லை என்றும் சொன்னாள். பெரியம்மா போனை வைத்துவிட்டு, மகளுக்குக் குறை இல்லை, இனி என் பாடுதான் என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

அன்றிலிருந்து அவளுடைய நம்பிக்கை முழுவதும் லவினியாவின் மகள் நோயெமி மேல் இருந்தது. நோயெமி பெரியவளாகிவிட்டாளா என்று ஞாயிறுதோறும் போனில் கேட்டு லவினியாவின் மானத்தை வாங்கினாள். பதினோரு வயதாகியும் இல்லை என்று தெரிந்ததும், தொண்ணூறாவது பிறந்தநாளுக்கு வந்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். அவர்களுக்குக் கிடைத்தது இரண்டே நாள் விடுப்பு. வந்த மறுநாள் விழா, அதற்கு அடுத்த நாள் விடிந்ததும் விமானம்.

லவினியா வெளிக்கதவில் ஒன்பது என்றும் சைபர் என்றும் இரண்டு பெரிய பலூன்களைக் கட்டினாள். மத்தியானத்துக்குள் ஒன்பதில் காற்று இறங்கி, சைபர் மட்டும் கம்பீரமாக நின்றது. முற்றத்து மேசையில் ஒரு பக்கம் டவுனிலிருந்து வந்த கேக் பெட்டி, மறுபக்கம் நானும் பெரியம்மாவும் கிண்டிய கருமாதிக் கோதுமைப் பொங்கல். கோஸ் இலையில் பொதிந்த கறிக்கும் சோளக் களிக்கும் மட்டும் இரண்டு கட்சியிலும் இடம் இருந்தது. வந்தவர்கள் எல்லோரும் எங்களைப் போன்ற கிழங்கள். பிறந்தநாளுக்கு எதற்குச் சாவுச் சடங்கு என்று லவினியா கோபப்பட்டாள். அப்புறம், ஒரு மணி நேரம்தான், அதற்குள் முடித்துக்கொள்ளுங்கள் என்று விட்டுக்கொடுத்தாள்.

வாளியின் காதில் பூத்துண்டு கட்டி நோயெமியின் கையில் கொடுத்தோம். முதலில் என் வீட்டுக்கு வந்தாள். என் புருஷன் ஃபானே ப்ளம் சாராயம் தவிர வேறு எதையும் தாகத்துக்குக் குடித்து நான் பார்த்ததில்லை. அவன் குவளையை வாங்கி முகர்ந்து பார்த்தான்.

"கெர்கினா பெரியம்மா, உங்களுக்காகத்தான் இந்த விஷத்தைக் குடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு ஒரே மூச்சில் குடித்தான்.

எல்லோரும் சிரித்தோம். பெரியம்மாவின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. நோயெமியின் தலையைத் தடவி, உன் வியோரிகா பாட்டிக்கு அங்கே ஒரு பெண் சுமந்தாளே, அவளைப் போலவே நீயும் தளும்பாமல் சுமக்கிறாய் என்றாள்.

நோயெமி வாளியைக் கீழே வைத்தாள். "வியோரிகா பாட்டிக்கு யாரும் சுமக்கலையே. நான் அங்கதான இருந்தேன்."

பொய் சொல்லத் தெரியாத குழந்தை. பெரியம்மா லவினியாவைத் திரும்பிப் பார்த்தாள். லவினியா தரையைப் பார்த்தாள்.

"அங்க கிணறு ஓடைக்கு எங்க போவேன், வீடு வீடாக் குடுத்தா யாரு வாங்கிக் குடிப்பா பாட்டி? நீ மனசு ஒடஞ்சு போயிடுவியேன்னுதான் அப்படிச் சொன்னேன்."

"தூக்கத்துலயே போயிட்டாள்னு சொன்னியே?"

"இல்ல. ராத்திரி முழுக்கத் தண்ணி கேட்டுட்டே இருந்தா. குடுக்கக் கூடாது, தொண்டையில எறங்காது, மூச்சு அடைச்சிரும்னு டாக்டர் சொல்லிட்டார். பஞ்ச நனைச்சு உதட்டுல வெச்சேன் பாட்டி. அதைக் கடிச்சு உறிஞ்சினா."

பெரியம்மா திட்டியிருந்தால் எனக்குத் தேவலாம் போல இருந்தது. வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு, வெயில் ஏறுகிறது, நட என்று குழந்தையிடம் சொன்னாள்.

நடந்தோம். ஆனால் எங்கே போய்க் கொடுப்பது? எங்கள் தெருவில் பூட்டுத் தொங்காத வீடுகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். நோயெமி வாளியோடு ஒவ்வொரு கதவாகப் போய் நின்று தட்டினாள். அவளுக்கு என்ன தெரியும்? உள்ளே ஆள் இல்லாத வீட்டு வாசலில் ஒரு குவளை தண்ணீரைக் கொட்டச் சொன்னேன். நெருஞ்சி முளைத்த படிகளில் அது ஓடியது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. போனவர்கள் மேலா, போகாத எங்கள் மேலா? திறந்திருந்த வீட்டுக்காரர்கள் குடித்ததெல்லாம் சேர்ந்தால் அரை வாளி தேறாது.

ஓடைக்கரையில் பாதியாக அறுத்த சுரைக்குடுக்கைக்குள் மெழுகுவர்த்தியைப் பொருத்தி நோயெமியிடம் கொடுத்தோம். கேட்க வேண்டியவள் நான். முந்தின நாளே அவளுக்குப் பாடம் சொல்லி வைத்திருந்தோம்.

"யாருக்காகச் சுமந்த கண்ணு?" என்று கேட்டேன்.

அவள் வாயைத் திறப்பதற்குள் பெரியம்மா அவள் தோளில் கையை வைத்தாள்.

"வியோரிகாவுக்குன்னு சொல்லு."

நோயெமி குழம்பிப் போய் அம்மாவைப் பார்த்தாள். லவினியா பதறிவிட்டாள். காலையில் இந்தச் சடங்குக்காகக் கோபப்பட்டவள், இப்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு பேர் பெயரையும் சொல்லக் கூடாதா, இன்னொரு தடவை சுமக்கக் கூடாதா என்று கேட்டாள். பங்கு கூடாது, இன்னொரு சுமை என்றால் மறுநாள்தான். விடிந்தால் விமானம் என்பதை அவளே மறந்துவிட்டாள். இனி அடுத்த விடுப்பு எப்போதோ, அதற்குள் நோயெமி பெரியவளாகிவிடுவாள். அது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

"சொல்லு கண்ணு. அவ கேட்டுட்டே இருக்கா" என்றாள் பெரியம்மா.

நோயெமி சொன்னாள். இத்தாலி வாடை அடிக்கிற பேச்சில், ஓடையையும் சூரியனையும் பார்த்து, வியோரிகாவுக்காகச் சுமந்தேன் என்று தெளிவாகச் சொன்னாள். அவள் ஓடையில் விட்ட குடுக்கை ஒரு கல்லில் முட்டி நின்று, பிறகு தண்ணீரோடு போயிற்று. பெரியம்மா அது கண்ணுக்கு மறையும் வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

திரும்பும்போது வேண்டுமென்றே அவளோடு பின்தங்கி நடந்தேன். இத்தனை வருடம் ஒரே பேச்சாக இதையே சொல்லிக் காத்திருந்துவிட்டு இப்படிச் செய்துவிட்டாளே என்று எனக்குக் கோபம்.

"உங்களுக்கு யாரு பெரியம்மா சுமப்பா?"

"எனக்கு யாரும் இல்ல வெத்தா. வேகமா நட, கேக் வெட்டணுமாம், புள்ளைங்க காத்துட்டு இருக்கும்."

லவினியா கேக்கில் மெழுகுவர்த்தி ஏற்றினாள். அழுதழுது வீங்கிய கண்ணோடு, என்னை ஆளாக்கியது இந்தக் கைதான் என்று பாட்டியின் கையைத் தூக்கிக் காட்டி நாலு வார்த்தை பேசினாள். பெரியம்மாவை நடுவில் உட்கார வைத்து, பல்லாண்டு வாழ்க என்று எல்லோரும் வழக்கம்போல் பாடினார்கள். தொண்ணூறு வயதுக் கிழவியை இன்னும் பல்லாண்டு இரு என்று பாடுவது வெறும் மரியாதைதான், யாரும் அதை நம்பிப் பாடுவதில்லை. நான் மட்டும் அன்று நம்பிப் பாடினேன். உயிரோடு இருக்கும் வரைதான் அவளுக்குத் தண்ணீர்.