கன்னத்தில் பூசிய வண்ணம்

எண்பதுகளின் தொடக்கத்தில், கரோல்பாகில் ஒரு மாடிப்படிக்குக் கீழே கடை வைத்திருந்தார் அவர். கறுப்பு வெள்ளைப் படங்களுக்குக் கையால் வண்ணம் பூசுவார். வேலூர்க்காரர். எந்த நிறத்தையும் முதலில் தன் இடது புறங்கையில் தடவிப் பார்ப்பார். அந்தக் கையின் சொந்த நிறம் என்னவென்றே தெரியாது.

ஸ்டவ் வெடித்து என் தங்கை இறந்துவிட்டதாகப் புகுந்த வீட்டார் சொன்னார்கள். அங்கிருந்து அவளுடைய வண்ணப் படம் ஒன்றுதான் எங்களுக்குக் கிடைத்தது. ஈரத்தில் சாயம் கலைந்திருந்தது. பின்புறம் இந்தக் கடையின் முத்திரை இருந்ததால் அவரிடமே சரிசெய்யக் கொடுத்தேன்.

மறுவாரம் போனபோது பழைய வண்ணத்தைத் துடைத்து வைத்திருந்தார். தங்கையின் இடது கண்ணுக்குக் கீழே கன்றிப்போன தடம் ஒன்று தெரிந்தது.

"இது என்ன?"

"அடிபட்ட தடம் சார். அப்ப மறைச்சது நான்தான். புருஷன் பக்கத்துலயே நின்னு மறைக்கச் சொன்னாரு. அந்தப் பொண்ணு தலையே நிமிரல."

"நீங்க அவளை ஒண்ணும் கேக்கலையா?"

"கேக்கல."

கை ஓங்கத் தோன்றியது. ஆனால் அம்மா இதைப் பார்த்தால் தாங்கமாட்டாள். மறுபடி மறைத்துவிடச் சொன்னேன்.

அவர் பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டார். "வேற கடையில குடுங்க சார். இன்னொரு தடவை என்னால ஆகாது."

வேறு கடையில்தான் மறைத்தேன். அம்மா அந்தப் படத்துக்குத் தினமும் பூ வைத்தாள். அன்று வாய் திறக்காத அந்த மனிதரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனாலும் படத்தைப் பார்க்கும்போது, வெட்கம் வருவது அவரை நினைத்து அல்ல.