ஜெபத்தில் வைத்த கடிதம்

எங்கள் போதகருக்கு வலது கை ஆடத் தொடங்கியதை முதலில் கண்டுபிடித்தது என் சேலைதான். நற்கருணை அன்று பாத்திரத்தை நீட்டினார். திராட்சை ரசம் பாதி என் வாய்க்கும் பாதி வெள்ளைப் பட்டுக்குமாக வந்து சேர்ந்தது. பரிசுத்தமான கறையாயிற்றே, துவைக்கலாமா என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். "லாண்டிரிக்காரனுக்கு அதெல்லாம் தெரியாது, போடு" என்றார்.

சாயங்காலமே கமிட்டி கூடியது. தேனி பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் நான்தான் செயலாளர். தலைவரைத் தாங்குவது விசுவாசிகளின் கடமை என்று ஆளாளுக்கு முழங்கினோம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவர் பிரசங்கம் இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். இவர் போய் வேறு எவராவது வந்தால் ஞாயிற்றுக்கிழமை பிரியாணி ஆறிப்போகுமே என்ற பயம் அத்தனை பேர் வயிற்றிலும் இருந்தது. எனக்கு அதற்கு மேலும் இருந்தது. என் மகள் பிரசவத்தில் பிழைப்பாளா என்று தெரியாத மூன்று நாளும் ஆஸ்பத்திரி வராந்தாவில் எங்களோடு உட்கார்ந்திருந்த மனுசன் அவர்.

கமிட்டியில் இருந்த ஏலக்காய் வியாபாரி வழி சொன்னார். "வேதத்துல தலைவருக்குக் கை அசந்தப்ப ரெண்டு பேரு தாங்கிப் பிடிச்சாகல்ல? நாமளும் பிடிப்போம்."

அடுத்த ஞாயிறு முதல் ஆசீர்வாதம் சொல்லும்போது இரண்டு மூப்பர்கள் ஆளுக்கொரு முழங்கையைப் பிடித்துக்கொண்டார்கள். என்னே பக்தி என்று சபை உருகியது. சின்னமனூர் பக்கம் ஒரு சபையிலும் இதைப் பார்த்து ஆரம்பித்துவிட்டார்கள். அங்கே உள்ள போதகர் சிமெண்டு மூட்டையைத் தனியாகத் தூக்குகிற ஆள்.

யாராவது விசாரித்தால் சமாளிப்பது என் பொறுப்பு. "ஐயாவுக்குக் குளிருது" என்பேன். அப்போது சித்திரை மாதம். என் வாய்க்குப் பயந்து யாரும் மறுபேச்சுப் பேசவில்லை.

ஒரு நாள் போதகர் கடைக்கே வந்தார். உடனே வைத்தியம் ஆரம்பிக்க வேண்டும், ஓய்வும் வேண்டும் என்று மதுரை டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"எனக்கு எழுத வரலம்மா. நான் சொல்லச் சொல்ல எழுதி, பேராயருக்கு அனுப்பிருங்க" என்றார்.

விடுப்புக் கேட்டு நாலே வரி. அதன் கீழே கையெழுத்துப் போட அவருக்கு வெகுநேரம் பிடித்தது.

எங்கள் சபையில் பிடிக்காத காரியத்தை யாரும் முடியாது என்று சொல்வதில்லை, ஜெபத்தில் வைத்துவிடுவோம். கோயில் கூரை ஒழுகுவது மூன்று வருடமாக ஜெபத்தில்தான் இருக்கிறது. அந்தக் கடிதத்தையும் பீரோவுக்குள் போட்டுப் பூட்டிவிட்டு, ஜெபத்தில் வைத்திருப்பதாக எனக்கே சொல்லிக்கொண்டேன். சபைக்கு நல்லதுதானே செய்கிறேன் என்றும் நினைத்தேன்.

"பதில் வந்துச்சாம்மா?" என்று வாராவாரம் கேட்டார்.

"பெரிய ஆபீஸ்யா, மெதுவாத்தான் நகரும்" என்றேன். அதையும் கோயிலுக்குள் நின்றுகொண்டேதான் சொன்னேன்.

எட்டு மாதம் போயிற்று. ஆட்டம் காலுக்கும் இறங்கியது. அந்த நேரத்தில்தான் பேராயர் எங்கள் சபைக்கு வந்தார். ஆராதனை முடிவில் மூப்பர்கள் வழக்கம்போல நெருங்கியபோது, "விடுங்கய்யா" என்றார் போதகர். தானாகவே கைகளைத் தூக்கினார். இரண்டும் நடுங்கின. ஆசீர்வாதத்தை ஒரு சொல் குறையாமல் சொல்லி முடித்தார்.

அதன்பின் போதகர் வீட்டில் பேராயர் கொதித்துவிட்டார். "இவ்வளவு நாளா மறைச்சிருக்கீங்க. சபைய ஏமாத்தலாமா? எப்பவோ வைத்தியத்த ஆரம்பிச்சிருக்கலாம். எனக்கு ஒரு வரி எழுதக்கூடவா முடியல?"

போதகர் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். ஒரு பார்வைதான். கடிதம் எங்கே போயிற்று என்று அவருக்குப் புரிந்துவிட்டது. பிறகு பேராயர் பக்கம் திரும்பினார்.

"எழுதியிருக்கணும்யா. என் தப்புதான்" என்றார்.

கடிதம் என் வீட்டுப் பீரோவில் இருக்கிறது என்று சொல்ல ஒரு மூச்சு போதும். பேராயர் மேலும் திட்டினார். போதகர் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார். நான் எல்லாருக்கும் கேசரி வைத்தேன்.