தானாக விரிந்த பக்கம்

அடுத்த வீட்டு அத்தை அந்தப் புத்தகத்தைப் புடவைத் தலைப்புக்குள் சுற்றிக்கொண்டு வந்தபோது எனக்கு மீட்டிங் நடந்துகொண்டிருந்தது. சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். மென்பொருளில் எங்கெல்லாம் பிழை வரும் என்று தேடிப் பார்த்து எழுதிக் கொடுப்பது என் தொழில். மைக்கை அணைத்துவிட்டுத் திரும்பினேன். அத்தை உட்காரவில்லை.

"இதைப் படிச்சுட்டு நல்ல புஸ்தகமா கெட்ட புஸ்தகமான்னு சொல்லும்மா. நீ சொல்றதைத்தான் மாமா கேப்பாராம்."

காதல் நாவல். அட்டையில் ஒரு பெண் தலை குனிந்திருந்தாள்; அவள் தோளுக்குப் பின்னால் ஓர் ஆணின் பாதி முகம். அத்தையின் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். அவளுடைய பள்ளிக்கூடப் பையில் மாமா இதைப் பார்த்திருக்கிறார். மாமா ரைஸ் மில்லில் சூப்பர்வைசர். அவர் மகளை அடிக்கவில்லை, சத்தம்கூடப் போடவில்லை. புத்தகத்தை டிவி மேல் வைத்துவிட்டு, மோசமான புத்தகம் என்றால் படிப்பு இந்த வருடத்தோடு போதும் என்று மட்டும் சொல்லியிருக்கிறார். நாகப்பட்டினத்துப் பக்கம் தெரிந்த இடத்தில் ஏற்கெனவே பெண் கேட்கிறார்கள், பதினெட்டு வயது ஆகும்வரை வீட்டில் இருக்கட்டும் என்றாராம். அவர் கத்தியிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. கத்தினால் மறுநாள் தணிந்துவிடும். அவர் முடிவு செய்துவிட்டு, ஒரே ஒரு கையெழுத்துக்காகக் காத்திருப்பதுபோல் இருந்தது. அந்தக் கையெழுத்து என்னுடையது.

எங்கள் தெருவில் முதலில் இன்ஜினியரிங் படித்த பெண் நான். அத்தையின் மகள் பாப்பாவைக் கும்பகோணத்துப் பள்ளியில் கம்ப்யூட்டர் குரூப்பில் சேர்க்கச் சொல்லி மாமாவிடம் பேசியதும் நான்தான். சொந்தம் எதுவும் இல்லை. பிறந்ததிலிருந்து அத்தை, மாமா என்று கூப்பிட்டுப் பழக்கம்.

எதைச் சோதிப்பதற்கு முன்பும், என்ன பார்க்கப் போகிறேன் என்று எழுதிக்கொள்வேன். அன்றும் எழுதினேன். முத்தம், கெட்ட வார்த்தை, குடி, வீட்டை விட்டு ஓடுவது, சாவு. எழுதி முடித்த பிறகுதான் இது என் பட்டியல் இல்லை, மாமாவின் பட்டியல் என்று புரிந்தது. அவர் என்னென்ன கேட்பார் என்று யோசித்து, அதையே எழுதியிருக்கிறேன்.

பாதிப் புத்தகம் வரை நிம்மதியாகப் படித்தேன். முத்தம் இல்லை. கதாநாயகன் சிகரெட்டைக்கூடத் தொடுவதில்லை. எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், பெரியவர்கள் காலில் விழுகிறார்கள். மாமாவே படித்தால் பிடிக்கும் என்றுகூட நினைத்தேன்.

பிறகு அந்த இடம் வந்தது. அவன் அவளைக் கேட்கிறான், அவள் வேண்டாம் என்கிறாள். ஆபீஸ் வாசலில் சொல்கிறாள், போனில் சொல்கிறாள், பஸ் ஸ்டாப்பில் அழுதுகொண்டே சொல்கிறாள். அவன் மழையில் நனைந்துகொண்டு அங்கேயே நிற்கிறான். கடைசியில் ஒரு கோயிலில் அவள் கண்ணை மூடிக் கும்பிடும்போது பின்னாலிருந்து தாலி கட்டிவிடுகிறான். அவள் ஓர் அத்தியாயம் அழுகிறாள். மாமியார் தலை வாரிவிடுகிறார். அவனுக்குக் காய்ச்சல் வருகிறது, இவள் கஞ்சி வைத்துக் கொடுக்கிறாள், காதல் வந்துவிடுகிறது. வளைகாப்போடு கதை முடிகிறது.

எழுதியவருக்கு எழுதத் தெரிந்திருந்தது. கோயில் காட்சியைப் படிக்கும்போது எனக்கே பிடரியில் சிலிர்த்தது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. பல கை மாறிய புத்தகம் அது. மேசையில் சும்மா வைத்தால் தானாகவே அந்தப் பக்கத்தில்தான் விரிந்தது.

மாமாவின் பட்டியலில் இந்தப் புத்தகத்துக்கு எல்லாம் சரி. கெட்டது என்று நான் சொன்னால் பாப்பாவின் படிப்பு போய்விடும். நல்லது என்றால் என் சான்றிதழோடு அவள் கைக்கே திரும்பிப் போகும்.

சனிக்கிழமை மதியம் மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். அவளாகவே ஏறி வந்தாள். நடவு முடிந்து சுற்றிலும் வயல்கள் பச்சை பிடித்திருந்தன. மண்ணியாற்று மதகும் அதற்குப் பக்கத்தில் எங்கள் பஸ் ஸ்டாப்பும் அங்கிருந்தே தெரியும்.

"அக்கா, பேப்பர் திருத்தியாச்சா? எத்தனை மார்க் போட்டீங்க?"

"இன்னும் போடலை. உனக்கு அதுல எந்த இடம் பிடிச்சுது?"

"கோயில்தான். எல்லாருக்குமே அதுதான் பிடிக்கும். பஸ்ல நாங்க சத்தமாவே படிப்போம். கண்டக்டர்கூட, அப்புறம் என்னாச்சுன்னு கேப்பார்."

"அவ வேண்டாம்னு சொல்றாளே."

"ஐயோ அக்கா, வேண்டாம்னு சொன்னதும் சரின்னு போறவனை யாருக்குப் பிடிக்கும்? உங்க கம்ப்யூட்டர்தான் அப்படி, நோ அமுக்கினா மூடிக்கும்."

சிரித்தேன். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள், துணிக் கிளிப் ஒன்றைத் திறந்து மூடிக்கொண்டே சொன்னாள்.

"எங்க ஸ்டாப்லயும் ரெண்டு மாசமா ஒருத்தர் நிக்கிறார்."

என் கையில் இருந்த துண்டை மடித்தேன். மடித்ததையே மறுபடி பிரித்து மடித்தேன்.

"யாரு?"

"தெரியலை. வெளியூர். மதகுகிட்ட பைக் வெச்சுகிட்டு நிப்பார். பஸ் பின்னாடியே ஸ்கூல் வரைக்கும் வருவார். என் பேரு தெரிஞ்சு வெச்சிருக்கார். நான் அப்பவே வேண்டாம்னு சொல்லிட்டேன்கா. ஆனாலும் வர்றார்."

"பயமா இல்லையா உனக்கு?"

"முதல்ல இருந்துச்சு. ராத்திரி தூக்கமே வராது. அப்புறம்தான் இந்தக் கதை படிச்சேன்."

இரண்டு மாதமாக ஒருவன் பின்தொடர்கிறான். அவளுக்குச் சரியாகத்தான் பயம் வந்திருக்கிறது. அந்தப் பயத்தை இந்தப் புத்தகம் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வேறொன்றை வைத்திருக்கிறது. முத்தமில்லாத, குடும்பத்தோடு படிக்கக்கூடிய புத்தகம்.

"வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வரச் சொன்னார். ஸ்கூல் விட்டு வர்ற வழியில, கோயில் ஸ்டாப்ல. சும்மா பேசத்தானாம். ஃப்ரெண்டையும் கூட்டிட்டுப் போவேன்."

"போகாதே."

"சும்மா பேசத்தான்கா."

"நீ அம்மாகிட்ட சொல்லு. இல்லேன்னா நான் சொல்ல வேண்டியிருக்கும்."

அவள் முகம் சட்டென்று மாறியது. "சொல்லுங்க. அம்மா அப்பாகிட்ட சொல்வாங்க. திங்கக்கிழமை நான் வீட்ல இருப்பேன். அதுக்குத்தான் ஸ்கூல்ல சேர்த்துவிட்டீங்களா?"

அவள் சொன்னது உண்மை. ஆனாலும் வெள்ளிக்கு முன்னால் அவளே சொல்ல வேண்டும், வியாழக்கிழமை வரைதான் பொறுப்பேன் என்றேன். அவள் இறங்கிப் போனாள். அடுத்த நாட்களில் வேலை நேரத்தில்கூட மாடிக்குப் போய் மதகைப் பார்த்தேன். காலையில் பைக் நின்றது. இவ்வளவு தூரத்தில் ஆள் ஒரு புள்ளியாகத்தான் தெரிந்தான். பஸ் கிளம்பியதும் அந்தப் புள்ளியும் நகர்ந்தது. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும்.

புதன்கிழமை சாயங்காலம் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். மாமா இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பாப்பா சமையலறை வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள்.

"வாம்மா. ரிசல்ட் வந்துருச்சா?"

"நான் சொல்றதை விட நீங்களே ஒரு பக்கம் கேளுங்க மாமா."

கோயில் பக்கத்தை முழுதாகப் படித்தேன். ஆபீஸில் அறிக்கை படிக்கிற குரலில்தான் படித்தேன். முடித்ததும் மாமா சட்னியை வழித்துக்கொண்டு கேட்டார்.

"முத்தம் கித்தம் எல்லாம் உண்டா?"

"இல்லை மாமா."

"ஓடிப் போறது?"

"இல்லை."

"அப்போ குடும்பக் கதைதானே. தாலிதானே கட்டுறான். நான் என்னமோ ஏதோன்னு நினைச்சுட்டேன்."

அங்கேயே எழுந்து வந்திருக்கலாம். படிப்பு தப்பித்துவிட்டது. பாப்பா என்னைப் பார்த்துக் கண்ணாலேயே சிரித்தாள். ஜெயித்துவிட்ட சிரிப்பு. அதைப் பார்த்ததும், வெள்ளிக்கிழமை அவள் கட்டாயம் போவாள் என்று தோன்றியது.

"மாமா, அவ வேண்டாம்னு சொல்லியும் கேக்காம கட்டிட்டான். அழுதுகிட்டே வீட்டுக்கு வந்து நிக்கிறா. அவங்க அப்பா என்ன பண்ணணும்?"

மாமா கோபப்படவில்லை. யோசித்துத்தான் சொன்னார்.

"என்ன பண்றது. கட்டிட்டான்னா கட்டினதுதான். ஊரு பார்த்துருச்சு. அவன்கூட அனுப்பி வைக்க வேண்டியதுதான். வீட்ல வெச்சுகிட்டு அப்புறம் யாருக்குக் குடுக்கிறது? இன்னும் ரெண்டு இட்லி வைடி."

வெங்காயம் உரிக்கிற சத்தம் நின்றது.

"அவன் யாருன்னே தெரியலேன்னாக்கூடவாப்பா?" என்றாள் பாப்பா.

"கதைதானே, கழுதை."

"கதை இல்லேன்னா?"

"எதுவா இருந்தாலும் அதுதான் வழக்கம்."

அத்தை இட்லித் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். மாமாவுக்கு வைக்கவில்லை. "நான் அனுப்ப மாட்டேன்" என்றார். "கழட்டி வாய்க்கால்ல போட்டுட்டு வாடின்னு சொல்லுவேன். வந்தா சோறு போடுவேன்."

மாமா சிரித்தார். "பாரும்மா, உங்க அத்தை கோர்ட்டுக்குப் போகாமலே தீர்ப்பு எழுதுறா." அத்தை சிரிக்கவில்லை. பாப்பா அம்மாவைப் பார்த்தாள், பிறகு அப்பாவைப் பார்த்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

என் பதிலைச் சொன்னேன். "இந்த வயசுக்கு இந்தப் புத்தகம் வேண்டாம் மாமா. முத்தத்துக்காகச் சொல்லலை. ஒரு பொண்ணு வேண்டாம்னு சொல்றதுக்கு இதுல மதிப்பே இல்லை. இதைப் படிச்சது பாப்பாவோட தப்பு இல்லை. அதுக்காகப் படிப்பை நிறுத்தக் கூடாது."

"சரி. நீ சொன்னா சரிதான்" என்றார் மாமா. அவருக்கு அத்தோடு விஷயம் முடிந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் வாசலில் அத்தை செருப்புப் போட்டுக்கொண்டு நின்றார். "நேத்து பாப்பா எல்லாத்தையும் சொல்லிட்டா. மாமாகிட்ட சொல்லலை. கூட வர்றியா?" என்றார். மாமாவிடம் சொன்னால் படிப்பு போகும், சொல்லாமல் ஏதாவது ஆகிவிட்டால் அத்தையை யாரும் மன்னிக்க மாட்டார்கள். இரண்டும் அவருக்குத் தெரிந்திருந்தது. பாப்பாவை நடுவில் விட்டு மூன்று பேரும் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தோம்.

மதகில் அவன் இருந்தான். பையன் என்றுதான் நான் நினைத்திருந்தேன். பக்கத்தில் பார்த்தபோது முப்பதை நெருங்கிய ஆள். அத்தை நேராக அவனிடம் போனார்.

"தம்பி எந்த ஊரு? யார் வீட்டுப் புள்ள?"

"பஸ்ஸுக்கு நிக்கிறேன்."

"பைக்கை வெச்சுகிட்டா?"

டீக்கடையில் யாரோ சிரித்தார்கள். அவன் சிரிக்கவும் இல்லை, வெட்கப்படவும் இல்லை. அத்தையின் தோளுக்கு மேலே பாப்பாவையே பார்த்தான். நான் போனை எடுத்து வண்டி நம்பரைப் படம் பிடித்தேன். அதைப் பார்த்த பிறகுதான் வண்டியைக் கிளப்பினான். பஸ் போகிற பக்கமாகவே போனான்.

அன்று முழுக்க என்ன வேலை செய்தேன் என்று தெரியவில்லை. சாயங்கால பஸ்ஸுக்கு அத்தையோடு மறுபடி போனேன். வழக்கமான பஸ் வந்தது. அதில் அவள் இல்லை. கூடப் படிக்கிற பெண்ணும் இல்லை. பள்ளிக்குப் போன் செய்தேன், யாரும் எடுக்கவில்லை. அத்தை மதகின் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்தார். இருட்டத் தொடங்கியது. மாமாவுக்குச் சொல்லிவிடலாமா என்று கேட்டேன். "அடுத்த பஸ் வரட்டும்" என்றார். குரல் வெளியே வரவில்லை. உதடு அசைந்ததை வைத்துத்தான் புரிந்துகொண்டேன்.

அடுத்த பஸ்ஸில் முதலில் கீரைக்கட்டோடு ஒரு பெண் இறங்கினார். பிறகு இரண்டு கிழவர்கள். கண்டக்டர் விசில் கொடுக்கக் கையைத் தூக்கியபோது பின் படியில் அவள் தெரிந்தாள்.

"கெமிஸ்ட்ரி ஸ்பெஷல் கிளாஸ்மா. திடீர்னு வெச்சுட்டாங்க."

அத்தை அவள் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். கொஞ்ச தூரம் நடந்த பிறகு பாப்பா சொன்னாள்.

"கோயில் ஸ்டாப்ல நின்னுகிட்டுதான் இருந்தான். பஸ்ஸுக்குள்ள எட்டிப் பார்த்தான். நான் கீழே குனிஞ்சுகிட்டேன். இறங்கலை."

"திங்கக்கிழமையும் வருவான்" என்றார் அத்தை.

"வருவான்மா."

"நானும் வர்றேன்."

பின்னால் ஏதோ பைக் சத்தம் கேட்டது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் ஓரமாக ஒதுங்கித் திரும்பிப் பார்த்தோம். பால்காரர். அவர் தாண்டிப் போகும்வரை நின்றுவிட்டு நடந்தோம்.