வளப்பூர் முகாமில் என் குரல்

கோடை முகாம்களில் விடுதிப் பொறுப்பு பார்க்கிறேன் என்பதால், பிள்ளையை அனுப்பும் பெற்றோர் என்னிடம்தான் என்னென்ன கொடுத்துவிட வேண்டும் என்று கேட்பார்கள். மலையில் மே மாதத்திலும் மத்தியானத்துக்கு மேல் குளிரும், ஸ்வெட்டர் வையுங்கள் என்பேன். துவைத்த துணி லேசில் காயாது, மாற்றுத்துணி கூடுதலாக வையுங்கள். பூட்டுச் சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்கள். பெட்டி மூடியில் பெயரை மட்டும் எழுதுங்கள், ஃபோன் நம்பரை எழுதாதீர்கள் என்று சொன்னால் மட்டும் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

"ஏனுங்க, பெட்டி தொலைஞ்சு போச்சுன்னா எப்படிங்க கண்டுபுடிக்கறது?"

அதற்கு நான் பதில் சொல்வதில்லை. சொல்ல ஆரம்பித்தால் நீளும்.

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த கோடையில் நான் கொல்லிமலைக்குப் போனேன். எங்கள் ஊர் மலைக்கு நேர் கீழே. மரவள்ளிக் காட்டில் நின்றால் மலை முழுதும் தெரியும். ஆனாலும் அதற்கு முன் அங்கே ஒரு நாள்கூடத் தங்கியதில்லை. ஆங்கிலமும் அறிவியலும் சொல்லித்தரும் முகாம் என்று பள்ளியில் சொன்னார்கள். அப்பா, "போய்ட்டு வா கண்ணு, நாலு புள்ளைங்களோட பழகுவ" என்று பஸ் ஏற்றிவிட்டார்.

முகாம் நடந்தது வளப்பூர் நாட்டில் (மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு), பஸ் நிற்கும் இடத்துக்கு மேலே மேட்டில் இருந்த ஒரு விடுதிப் பள்ளியில். வருசம் முழுக்க அங்கேயே தங்கிப் படிக்கும் மலைப் பிள்ளைகள் விடுமுறைக்கு வீட்டுக்குப் போயிருந்தார்கள். அவர்களுடைய கட்டில்களில் நாங்கள் படுத்தோம். என் கட்டிலை ஒட்டிய சுவரில் எண்ணெய்க் கறை, சரியாக ஒரு தலை அளவுக்கு இருந்தது. நான் சாய்ந்து உட்கார்ந்தால் என் தலையும் அதே இடத்தில் போய்ப் பொருந்தியது. முதல் நாள் அது எனக்குப் பிடிக்கவில்லை. தலையணையைச் சுவருக்குக் கொடுத்து உட்கார்ந்தேன்.

எங்கள் கட்டடத்தைத் தவிர மற்றதெல்லாம் பூட்டிக் கிடந்தது. மத்தியானச் சாப்பாடு முடிகிற நேரத்துக்கு மேகம் இறங்கும். மரங்களில் ஏறியிருந்த மிளகுக் கொடி முதலில் மறையும், பிறகு மைதானம், பிறகு எதிர்ச்சாரி வகுப்பறைகள். பிறகு அது வராந்தாவுக்குள்ளேயே வந்துவிடும். எதிரே வருகிறவளின் செருப்புச் சத்தம் கேட்கும், ஆள் தெரியாது. எல்லோரும் ஸ்வெட்டரும் குல்லாயுமாக இருப்போம். குரலை வைத்துத்தான் யார் என்று சொல்ல வேண்டும்.

என் அறையில் இன்னொருத்தி இருந்தாள். சேலம் டவுனிலிருந்து வந்தவள். மெலிந்த உடம்பு, மெதுவான பேச்சு. பாடப்புத்தகத்தைப் படிப்பதுபோல் ஒவ்வொரு சொல்லையும் முழுதாகச் சொல்வாள். தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டாள். என்னைத்தான் கேட்பாள். உங்கள் வீட்டில் எத்தனை மாடு, மாட்டுக்கு என்ன பேர், நீ பள்ளிக்கூடம் விட்டுப் போனால் அம்மா முதலில் என்ன கேட்பார்கள், நீ என்ன சொல்வாய். என்னை அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. எனக்கு உள்ளூரப் பெருமை. செவலைப் பசு கன்று போட்டது, மோட்டார் ரூமில் நான் வழுக்கி விழுந்து முட்டியைப் பேர்த்துக்கொண்டது, அம்மா சுடும் கம்பு தோசை, எல்லாம் சொன்னேன். நான் 'ஊட்டுக்கு' என்றால் அவளும் வாய்க்குள் 'ஊட்டுக்கு' என்று சொல்லிப் பார்ப்பாள். கேலி செய்கிறாளோ என்று பார்த்தால் முகத்தில் சிரிப்பே இருக்காது.

ஒரு நாள் மத்தியானம் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து அறைப் பெண் மேகத்துக்குள்ளிருந்து வந்து எதிரே நின்றாள். அவளுக்குக் கோபம்.

"ஏன்டி, பாத்திரம் கழுவக் கூப்பிட்டா வாரேன் வாரேன்னு சொல்லிட்டு இங்க வந்து நிக்கற?"

"நான் அப்பப் புடிச்சு இங்கதான இருக்கறேன்."

"சும்மா சொல்லாத. டைனிங் ஹால் பின்னால இருந்து நீதான் சொன்ன. உன் குரல் எனக்குத் தெரியாதா?"

என் கையில் சோப்பு நுரை. வாளியில் பாதித் துணி கிடந்தது. அவள் அதைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், பிறகு போய்விட்டாள்.

முகாமில் செல்ஃபோன் வைத்துக்கொள்ளக் கூடாது. ஆபீஸில் ஒரு பட்டன் ஃபோன் இருந்தது. வகுப்பு இல்லாத நேரத்தில் போய்க் கேட்டால் ஆபீஸ் சார் கொடுப்பார். வராந்தாவின் கோடியில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். அங்கே நின்று பேசிவிட்டுத் திருப்பித் தர வேண்டும். துணி துவைத்த அதே வாரத்தில் ஒரு சாயங்காலம் நான் அம்மாவுக்குப் போட்டேன்.

"என்ன கண்ணு, மறுபடியும்?" என்றாள் அம்மா.

"மறுபடியுமா?"

"மத்தியானந்தான அத்தன நேரம் பேசிப்போட்டு வெச்ச. ஏதாச்சும் சொல்ல மறந்துட்டியா?"

அன்று மத்தியானம் ஸ்வெட்டரைக் கட்டிலில் போட்டுவிட்டு, சால்வையோடு நூலகத்தில் இருந்தேன். ஃபோன் பக்கமே போகவில்லை. "நான் என்னம்மா சொன்னேன்?" என்று மட்டும் கேட்டேன். அம்மா சிரித்தாள். முட்டிப் புண் ஆறிவிட்டது என்றாயே, கம்பு தோசை சாப்பிடணும்போல இருக்கிறது என்றாயே என்றாள். புண் நிஜமாகவே ஆறியிருந்தது. கம்பு தோசை நினைப்பும் வந்திருந்தது.

ஃபோனைத் திருப்பிக் கொடுக்கும்போது ஆபீஸ் சாரிடம் கேட்டேன். அவர் நாகர்கோவில் பக்கத்துக்காரர், மலைக்கு மாற்றலாகி வந்தவர். கணக்கு ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், மத்தியானம் எங்க ரூம்ல இருந்து யார் ஃபோன் வாங்குனதுங்க?"

"நீதானம்மா வந்த. இந்த மெரூன் ஸ்வெட்டரு, குல்லா. என்ன, மறந்து போச்சா?"

நான் குனிந்து என் ஸ்வெட்டரைப் பார்த்துக்கொண்டேன்.

அறைக்குப் போய் எல்லாவற்றையும் அவளிடம்தான் சொன்னேன். அங்கே எனக்கு வேறு யார் இருந்தார்கள்? அவள் கட்டிலில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "நானும் கேட்டிருக்கேன்" என்றாள்.

"என்னத்த?"

"நீ இல்லாதப்ப உன்னோட குரலை. பாத்ரூம் பக்கம் இருந்து வரும். உன்கிட்டச் சொன்னா பயப்படுவேன்னு சொல்லல."

நான் கழற்றிப் போட்ட ஸ்வெட்டரை எடுத்து அவள் மடித்தாள். "தூக்கத்துல நடக்கிறவங்க இருக்காங்க இல்ல? சில பேருக்குப் பகல்லயும் அப்படி வருமோ என்னவோ" என்றாள்.

அன்றிலிருந்து என்மேலேயே எனக்குச் சந்தேகம். வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது கையைக் கிள்ளிப் பார்த்துக்கொள்வேன். சாப்பிட்ட பிறகு, இப்போது சாப்பிட்டோம், தட்டைக் கழுவினோம் என்று மனதுக்குள் சொல்லி வைத்துக்கொள்வேன். பேச்சைக் குறைத்தேன். பேசாமலிருந்தால் அது பேசுவதற்கு ஒன்றும் இருக்காது என்று ஒரு எண்ணம். நான் பேச்சைக் குறைக்கக் குறைக்க அறையில் அவள் அதிகம் பேசினாள். வார்டன் அக்காவிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் பேய் பிடித்த பிள்ளை என்று பேராகி ஊருக்கே வந்து சேர்ந்துவிடும் என்று பயந்தேன்.

அடுத்த முறை ஃபோன் செய்தபோது அம்மாவின் குரல் சரியில்லை. சிக்னல் விட்டு விட்டு வந்தது.

"இப்பப் பரவால்லயா சாமி? அழுகறத நிறுத்திட்டியா?"

"நான் எப்பம்மா அழுதேன்?"

"என்னைய வந்து கூட்டிட்டுப் போயிருன்னு அந்த அழுகை அழுதியே. பேசவே முடியாம."

எதிரே மைதானம் முழுக்க மேகம். கம்பி வேலியும் தெரியவில்லை. அதற்குள்ளிருந்து யாரோ என்னைப் பார்த்துக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது. நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"நாளைக்கு மொதப் பஸ்ஸுல வாரேன்" என்று சொல்லி அம்மா வைத்துவிட்டாள்.

காலையில் எழுந்தபோது பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது. என் ஸ்வெட்டரும் இல்லை. மழை பெய்து ஓய்ந்து, மேகம் அன்று விடியும்போதே இறங்கியிருந்தது. பஸ் மேடேறும் சத்தம் வந்ததும் கேட்டுக்கு ஓடினேன். பலாப்பழம் விழுந்து நசுங்கிய வாடை வழியெல்லாம் அடித்தது. கேட் அருகே அம்மாவின் ஒயர் கூடை முதலில் தெரிந்தது. கூப்பிடப் போனேன்.

"வாம்மா" என்றது என் குரல். என் வாய் மூடியிருந்தது.

கிட்டே போனேன். என் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு என் அறைக்காரி நின்றாள். அம்மா அவள் தலைமேல் கை வைத்திருந்தாள். ஆள் மாறிப்போனதைப் பார்த்துக் கையை எடுப்பாள் என்று நினைத்தேன். எடுக்கவில்லை.

"நீதானா கண்ணு?" என்று அம்மா அவளைக் கேட்டாள். அவள் தலையை ஆட்டினாள். அப்புறம்தான் அம்மா என்னைப் பார்த்தாள். "நீயும் வா சாமி. மொதல்ல ரெண்டு பேரும் சாப்புடுங்க."

டைனிங் ஹாலில் எங்களை எதிரெதிரே உட்காரவைத்துக் கம்பு தோசையைப் பிட்டு வைத்தாள். அவள் பாதி தின்றுவிட்டு, பழைய மெதுவான குரலில் அம்மாவைப் பார்த்துச் சொன்னாள்.

"எங்க அம்மா வேலைக்கு மஸ்கட் போயிருக்காங்க. இந்த ஃபோன்ல அங்க போகாது. அப்பா லாரி ஓட்டுறார், தெரியாத நம்பரை எடுக்கமாட்டார். ரிங் போய்க்கிட்டே இருக்கும். ஆபீஸ் சார் பார்க்கிறாரேன்னு பேசுற மாதிரி நிப்பேன். ஒரு நாள் இவ பெட்டியில இருக்கிற நம்பரைப் போட்டேன். யார்னு சொல்லணும்னுதான் நெனச்சேன். அதுக்குள்ள நீங்க கண்ணுன்னு சொல்லிட்டீங்க."

அம்மா புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு இரக்கம் வரவில்லை. தட்டைத் தள்ளிவைத்தேன்.

"எனக்கே கிறுக்குப் புடிச்சுப்போச்சுன்னு நெனச்சுட்டு இருந்தேன். தெரியுமா உனக்கு?"

"தெரியும்" என்றாள். தட்டில் இருந்ததைத் தின்று முடித்தாள்.

அம்மா வார்டன் அக்காவிடம் போய்ப் பேசினாள். திட்டவோ புகார் சொல்லவோ இல்லை. "இந்தப் புள்ளைக்கு எடுத்துப் பேச ஆளில்லீங்க. அவங்கப்பாவுக்கு நீங்க ஒரு வார்த்த தாக்கல் சொல்லுங்க. அதுவரைக்கும் அது பேருலயே எனக்கு ஃபோன் போடட்டும்" என்றாள். அக்கா அன்றே அவள் அப்பாவுக்குச் செய்தி அனுப்பினார். என்னிடம் அறையை மாற்றித் தரட்டுமா என்று கேட்டார். மாற்றச் சொன்னேன்.

அடுத்த அறைக்குப் போனேன். அம்மா சொன்னபடி அவள் தன் பேரில் ஃபோன் செய்தாள். நன்றாக இருக்கிறேன், சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டு உடனே வைத்துவிடுகிறாள் என்று அம்மா வருத்தப்பட்டாள். மத்தியானங்களில் சுவருக்கு அந்தப் பக்கம் சில நேரம் சிரிப்புச் சத்தம் கேட்கும். என் சிரிப்பு. அறையில் அவளைத் தவிர யாரும் இருக்கமாட்டார்கள். நான் காதைப் பொத்திக்கொண்டு படுத்திருப்பேன்.

கடைசி நாள் அவள் அப்பா வந்தார். காக்கிச் சட்டை, கண்ணெல்லாம் சிவந்து ராத்திரியெல்லாம் ஓட்டி வந்த முகம். கேட்டில் நின்று அவளைக் கூப்பிட்டார். வராந்தாவிலிருந்து அவள் பதில் கொடுத்துக்கொண்டே ஓடினாள். அது என் குரலும் இல்லை, அந்தப் புத்தகக் குரலும் இல்லை. கரகரப்பாக, உரக்க, நான் ஒரு நாளும் கேட்டிராத ஒரு குரல். என்னைத் தாண்டிப் போனபோது திரும்பிப் பார்க்கவில்லை.

என்னைக் கூட்டிப் போக அம்மா வந்திருந்தாள். பஸ் வளைவுகளில் இறங்கிக்கொண்டிருந்தது. காது அடைத்துக்கொண்டது. பாதி வழியில் கேட்டேன்.

"அது நான் இல்லேன்னு உனக்கு எப்பத் தெரியும்மா?"

"ரெண்டாவது வாட்டியே தெரியும்."

"எப்பிடி?"

"நீ போட்டா, நல்லாருக்கறேன், வெச்சரட்டுமாம்ப. அது செவலைக்குத் தண்ணி காட்டியாச்சாம்மா, உனக்கு இடுப்பு வலி பரவால்லயான்னு கேட்டுது. நீ எங்க அதெல்லாம் கேட்ட?"

"தெரிஞ்சும் ஏன் சொல்லாம இருந்த?"

"யாரு பெத்த புள்ளையோ, வாயத் தொறந்து பேசுது. எப்பிடி ஃபோன வெய்யின்னு சொல்றது? அன்னிக்கு அழுகறத நிறுத்திட்டியான்னு கேட்டதும் பேசறது அதுன்னு நெனச்சுத்தான்." அம்மா கூடையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். "அதுவுமில்லாம, உன்ற குரல்ல அப்பிடிக் கேக்கறதுக்கு நல்லாருந்துச்சு கண்ணு."

எனக்கு எதையாவது பேச வேண்டும்போல் இருந்தது. இடுப்பு வலி எப்படி இருக்கிறது என்று கேட்க வாயெடுத்தேன். கேட்டால் அந்த அறைக்காரி கேட்பதுபோலவே இருக்கும் என்று பட்டது. அம்மாவுக்கும் அப்படித்தான் கேட்கும். அடிவாரம் வரைக்கும் ஒன்றும் பேசாமல் வந்தேன்.