எழுதிக் கொடுத்த அப்பன் பெயர்

பாண்டி பஜாரில் தங்கவேல் மேஸ்திரி சென்ட்ரிங் அடிக்காத கட்டடத்தை விரல் விட்டு எண்ணிவிடலாம். மூன்றாம் வகுப்பைத் தாண்டாத மனுஷன், இஞ்சினியர்களுக்கே தப்பு எடுத்துச் சொன்னவர். ஆனால் அவர் மார்தட்டிக்கொண்டது வேறொன்றுக்கு. மயிலாப்பூர் கால்வாய்க் கரையில், குடிசைக்கு ஒரு வீடு என்று அரசாங்கம் கணக்கெடுக்க வந்தது. தன்னோடு ஒரே குடிசையில் இருந்த தம்பி அறிவை, பக்கத்துக் குடிசையில் செத்துப்போன ஏழுமலையின் மகன் என்று எழுதிக் கொடுத்து இரண்டு வீடு வாங்கிவிட்டார்.

"படிச்சவனுக்கு வருமா இந்த மூளை?" இருபது வருஷமாக இதே பேச்சுதான்.

தொண்ணூற்றாறில் அவருக்கு இரண்டு கிட்னியும் போயிற்று. மனைவி ரத்னாவின் ரத்தம் சேரவில்லை. தம்பியுடையது சேர்ந்தது.

"எனுக்கு ரெண்டு கீதுண்ணா, ஒண்ண எடுத்துக்கோ. சோறு போட்டு வளத்தவன வுட்டுருவனா?" என்றான் அறிவு.

கிட்னி விற்பதைத் தடுக்கச் சட்டம் வந்திருந்த நேரம். ஆபரேஷனுக்கு முன்னால் உறவுக்கு அத்தாட்சி கேட்டார்கள். அறிவின் ரேஷன் கார்டு, ஓட்டர் லிஸ்ட் எதைப் புரட்டினாலும் தகப்பன் பெயர் ஏழுமலை.

ஆபரேஷனுக்கு அனுமதி கொடுக்கும் கமிட்டியின் அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "அப்பா வேற வேற. எவ்வளவுக்குப் பேசினீங்க?"

"இன்னா சார், கூடப் பொறந்தவன்கிட்ட துட்டு வாங்குவாங்களா?" என்றான் அறிவு.

தங்கவேல் கைகூப்பினார். பிறந்ததிலிருந்து யாரையும் கும்பிட்டுப் பழகாத கை. "வீட்டுக்கோசரம் நான்தான் பொய் எழுதினேன் சார்."

"வீட்டுக்கே பொய் சொன்னவர் உயிருக்குச் சொல்ல மாட்டீங்களா? அந்தக் காலத்து ஆளுங்க யாராவது எழுதிக் கொடுக்கட்டும், பார்க்கலாம்."

தங்கவேல் பழைய ஆட்களின் வீடு வீடாக ஏறி இறங்கினார். எல்லோரும் அவரிடம் அந்த வித்தையைக் கேட்டுக்கொண்டு ஆளுக்கொரு அப்பனை எழுதியவர்கள்தான். சாட்சிக்குப் போனால் நம் வீடும் போய்விடும் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. "நீ கத்துக் குட்த்ததுதானே மேஸ்திரி," என்று அவர்களில் ஒருத்தியான தேவானை மட்டும் அழுதாள்.

அனுமதி கிடைக்கவில்லை. அடையாறு ஆஸ்பத்திரியில் வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ் மிஷினில் அவர் ரத்தம் ஓடியது. ஊதிப்போன காலை இழுத்துக்கொண்டு ஒரு நாள் அறிவோடு வந்தார். பதிவுப் புத்தகத்தோடு நர்ஸ் ஷீலா கேட்டாள்: "கூட வந்திருக்கிறது யாரு பெரியவரே?"

தங்கவேல் அறிவைப் பார்த்தார்.

"தம்பிம்மா," என்றான் அறிவு. "பேப்பர் எதுனா காட்டணுமா?"

"துணைக்கு உட்கார்றதுக்கு எதுக்குங்க பேப்பர்?" தம்பி என்றே எழுதிக்கொண்டு, அவனுக்கு வெளியே பெஞ்சைக் காட்டினாள்.